ஹைரம் ஸ்டோக்ஸ் சாய்க்கப் போன கக்கூஸ்

ஸ்லேட் கிரீக்
நவம்பர் 1938, வியாழக்கிழமை

என் மகள் நெவாவுக்கு அம்மா எழுதுவது. முதலில் சுகம் சொல்லிவிடுகிறேன், என் இடது முழங்காலையும் சிவப்புப் பசுவையும் தவிர இந்த வீட்டில் எல்லோரும் கர்த்தர் தயவால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அந்த மழை ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதற்கு மேல் இன்றைக்கு அவசர அவசரமாக எழுதுகிறேன். பதறாதே, கெட்ட சேதி இல்லை. நல்ல சேதிதான். இவ்வளவு நல்ல சேதி எழுதி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியை முதல்ல சொல்லிடுங்க அத்தை, பாவம் அவ அங்கே தவிப்பா என்கிறாள் உன் அண்ணி ஐவி. நான் சொல்லமாட்டேன். நடந்தது நடந்தபடிதான் வரும், நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் உன் அண்ணன் ஹோபர்ட்டுக்கு அரசாங்க வேலைத் திட்டத்தில் இடம் கிடைத்தது என்று மட்டும் எழுதினேன், என்ன வேலை என்று எழுதவில்லை, அவன்தான் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாதீங்கம்மா என்றான். கக்கூஸ் கட்டுகிறான் நெவா. சிரிக்காதே. சிரித்தாலும் சரி, இப்போது அவனே சிரிக்கிறான். லாரியில் ஊர் ஊராகப் போய் நாற்றம் பிடித்த பழைய பலகைக் கூண்டைப் பிடுங்கிவிட்டு, ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, சுற்றிலும் பலகை அடைத்து, மேலே சிமெண்டில் தளம் வார்த்து, உட்காரும் மேடையையும் சிமெண்டிலேயே வார்த்து, தானாக மூடிக்கொள்ளும் மூடி போட்டு, ஈ நுழையாதபடி வலை கட்டின குழாயைக் கூரைக்கு மேலே தூக்கி விடுகிறார்கள். வீட்டுக்காரர் பலகை வாங்கித் தரவேண்டும், சிமெண்டும் லாரியும் நம் கவுன்ட்டி நிர்வாகம் தரவேண்டும், கூலி வாஷிங்டனிலிருந்து வருகிறது. தளம் வார்ப்பது ஹோபர்ட்டின் பொறுப்பு. அச்சுக்கு எண்ணெய் தடவி, கலவையை ஊற்றி, குமிழி போகத் தட்டி, இறுகும் முன்னால் கூண்டைப் பிணைக்கிற போல்ட்டுகளை நட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்துகிறான், தொட்டில் பிள்ளைக்குக்கூட அவன் அப்படிப் போர்த்தி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வந்தால் கையெல்லாம் வெடிப்பு, சிமெண்டு தின்ற கை, ஆட்டுக்கொழுப்பை உருக்கித் தடவிவிடுகிறேன். ஆனால் விசிலடித்துக்கொண்டு வருகிறானடி. கண்ணாடித் தொழிற்சாலை மூடின பிறகு அடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், வேலை தேடி ஏக்ரனுக்குச் சரக்கு ரயில் ஏறிப் போயிடறேன், இங்கே ஒரு வாயாவது குறையும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், விசிலடிக்கிறான். ஐவி அழுவது எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும், இப்போது கேட்பதில்லை.

இது பொறுக்கவில்லை ஹைரம் ஸ்டோக்ஸுக்கு. நமக்கு மேலே மேட்டில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறானே அவனேதான், இப்போது கவுன்ட்டி கமிஷனர்கள் மூன்று பேரில் அவன் ஒருத்தன். முன்பெல்லாம் இலை பழுத்தால் வேலையில்லாதவர்கள் எல்லாம் அவன் கதவருகே நிற்பார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆப்பிள் பறிப்பார்கள். உன் அப்பா இறந்துபோன வருஷம் நானும் பறித்தேன், கூலி கேட்டதற்கு அடிபட்ட ஆப்பிளைக் கூடையில் கொட்டி, பிழிஞ்சு குடி லவீனா, உடம்புக்கு நல்லது என்றான். அந்தக் கூடையில் எது எது அழுகல் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இப்போது அந்தக் கூலிக்கு யாரும் ஏணி ஏறுவதில்லை, அதுதான் அவன் வயிற்றெரிச்சல், ஆனால் அதை அப்படியே சொன்னால் அசிங்கம் என்று நாட்டைப் பற்றிப் பேசுகிறான். அரசாங்கம் இப்படியே சோறு ஊட்டினா ஆம்பளைக்கு முதுகெலும்பே இருக்காது என்பான். தீவனக் கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மண்வெட்டிக்குப் பஞ்சம் வந்துருச்சாம்ப்பா, ஆளுக்கொண்ணு சாஞ்சுக்கக் குடுக்க முடியலையாம், அதான் இப்ப கக்கூஸ் கட்டறாங்க, உட்கார்ந்துக்கிட்டே சம்பளம் வாங்கலாம் பாரு என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். ஹோபர்ட் தவிடு வாங்கப் போன அன்றைக்கு அவன் காதில் விழவேண்டும் என்றே சொல்லியிருக்கிறான். அதோடு விட்டானா, ஹோபர்ட், உங்கப்பன் சாகற வரைக்கும் பிச்சை எடுத்ததில்ல, நீ ஆரம்பிச்சுட்டே என்றானாம். இவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நான் அங்கே இருந்திருக்கவேண்டும்.

ஆனால் நெவா, எனக்கு ஹைரம் மேல் இருக்கிற கோபம் ஆப்பிளால் வந்த கோபம் இல்லை. நீ அப்போது தவழ்கிற பிள்ளை, நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும், திரும்பவும் சொல்கிறேன், சொல்லச் சொல்லத்தான் மறக்காமல் இருக்கும். அவன் கக்கூஸ் நம் ஊற்றுக்கு நேர் மேலே. உன் அக்கா பெர்லி நம்மை விட்டுப் போன அந்தக் கோடையில் பெருமழை பெய்து மேட்டிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியது, அது வடிந்த பிறகுதான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, டைஃபாய்டு என்றார் டாக்டர். அவளை மண்ணில் வைத்த வாரம் உன் அப்பா மேட்டுக்குப் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மத்தப் பிள்ளைங்களாவது பிழைக்கட்டும், அதை மட்டும் அந்தப் பக்கம் மாத்திருங்க ஹைரம் என்று கேட்டார். நான் என் கையால கட்டினது, அது அங்கேதான் நிக்கும், உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என் கக்கூஸ் என்ன பண்ணும் என்றான். அடக்கத்தன்று அவன் பெண்டாட்டி ஓனா கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள், அவள் கண் முன்னாலேயே அதைக் கோழிகளுக்குப் போட்டேன். அன்றிலிருந்து அந்த மேட்டு மண்ணை நான் மிதித்ததில்லை, ஓனாவோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. சர்ச்சில் ஒரே பாட்டைப் பாடுவோம், அவ்வளவுதான். போன மாதம் கவுன்ட்டி நர்ஸ் வந்து ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள், திரும்பி வந்து, மிசஸ் டீக், கொதிக்க வைக்காம ஒரு சொட்டுகூடப் பிள்ளைங்க வாயில படக்கூடாது என்றாள். அப்போதிருந்து நாளெல்லாம் அடுப்பில் கெட்டில்தான். ஆனால் ஹோபர்ட்டின் சின்னது ரூபி இருக்கிறாளே, நாம் அந்தப் பக்கம் திரும்பினால் ஊற்றங்கரையில் குப்புறப் படுத்து வாயை வைத்துக் குடித்துவிடுகிறாள். பெர்லியும் அப்படித்தான் குடிப்பாள்.

இப்போது புரிந்துகொள். இந்தச் செவ்வாய்க்கிழமை கமிஷனர்கள் கூடி, வருகிற வருஷத்துக்கும் சிமெண்டும் லாரியும் கொடுப்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போடவேண்டியிருந்தது. வேண்டாம் என்றால் வாஷிங்டன் கூலியும் அதோடு நின்றுபோகும், ஹோபர்ட் ஏக்ரனுக்கு ரயில் ஏறுவான், ஹைரமின் கக்கூஸ் இருந்த இடத்திலேயே நம் தலைக்கு மேல் நிற்கும். மூன்று பேரில் ஒருவர் நம் பக்கம், ஹைரம் எதிர்ப்பக்கம், நடுவில் தீவனக் கடை எல்பர்ட் நேஸ், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவன்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டி ஏலம் நடந்தது, பெண்கள் கொண்டுவருகிற பெட்டியை ஆண்கள் ஏலத்தில் எடுப்பார்களே, அந்தக் காசில் குளிருக்குப் புது அடுப்பு வாங்க. ஐவி கோழி வறுத்து நீலக் காகிதம் ஒட்டின பெட்டியில் வைத்தாள், நான் சோள ரொட்டியும் பூசணிக்காய் இனிப்பும் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நம் ஆட்கள் கட்டின புதுக் கக்கூஸ் இரண்டு, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, வெள்ளையடித்துக் கல்யாணப் பெண் மாதிரி நிற்கின்றன. ஹைரம் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டான், பக்கத்தில் எல்பர்ட் நேஸ். திங்கட்கிழமை ஹாலோவீன் வருது, நம்ம பசங்களை நமக்குத் தெரியாதா, அந்த ஒரே ராத்திரியில கவுன்ட்டி பணம் அத்தனையும் ஊர் முழுக்கக் குப்புற விழுந்து கிடக்கும், இந்தக் குப்பைக்கா இன்னொரு வருஷம் சிமெண்டு குடுக்கப் போறோம் எல்பர்ட் என்றான். ஹாலோவீனுக்குப் பையன்கள் கக்கூஸ்களைச் சாய்த்துவிட்டு ஓடுவது நீ அறியாததா, உன் அண்ணன் சாய்க்காததா. ஹைரமே அந்தக் காலத்தில் பெரிய சாய்ப்பு வீரன், பாஸ்டர் உள்ளே இருக்கும்போதே சாய்ச்சேன் என்று இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வான். எல்பர்ட் தலையை ஆட்ட ஆரம்பித்தான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. கையில் பெட்டியோடு முன்னால் போய், திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு ஹைரம், இப்பவே சாய்ச்சுக் காட்டேன், இல்ல வயசாயிருச்சா என்றேன்.

கூட்டம் ஹோ என்றது. அவன் முகம் அவன் ஆப்பிளைவிடச் சிவப்பு. எதைச் சாய்க்கணும் சொல்லு என்றான். நான் கிட்டே இருந்ததைக் கை நீட்டிக் காட்டினேன். ஹோபர்ட் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக் காதோடு, ஐயோ அம்மா அது வேண்டாம், அது பொண்ணுங்களோடது, சாக்கை எடுத்தே ரெண்டு நாள்தான் ஆச்சு, உள்ளே சிமெண்டு இன்னும் இறுகாமப் பச்சையா இருக்கும், பசங்களோடதைக் காட்டுங்க என்றான். சொன்ன சொல்லை எப்படித் திருப்புவது, கூட்டம் அதற்குள் பின்பக்கம் ஓடுகிறது, முன்னால் ஓடுகிறவன் எல்பர்ட் நேஸ். மேஸ்திரி லெஸ்டர் க்வின் என்னைப் பார்த்து, லவீனா அத்தை, உங்க வாய் இன்னைக்கு எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போகுது என்றார். அனுப்பினா நம்ம வீட்டுக்கு வா, பீன்ஸ் வேக வச்சுப் போடறேன் என்றேன்.

ஹைரம் கோட்டைக் கழற்றினான், தன் தோட்டத்து ஆட்களில் வாட்டசாட்டமானவர்களாகப் பொறுக்கிக்கொண்டான், பின்பக்கம் போய் அவர்களுக்குப் பாடம் எடுத்தான். கீழே தள்ளாதீங்கடா முட்டாளுங்களா, கூரைக்குக் கிட்டே கை வைங்க, முதல்ல ஆட்டணும், விழற பல்லை ஆட்டற மாதிரி, அப்புறம் ஒரே தள்ளு என்றான். ஆட்டினார்கள். பலகை கிறீச் கிறீச் என்றது. ஐவி என் தோளில் நகத்தைப் பதித்துவிட்டாள், தழும்பு இன்னும் இருக்கிறது. ஹோபர்ட் மேலே பார்க்கவே இல்லை, தளமும் மண்ணும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தள்ளினார்கள், அசையவில்லை. தூரத்திலிருந்து ஓடிவந்து மோதினார்கள், ஒருத்தனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனதுதான் மிச்சம். ஹைரமுக்கு வெறி ஏறிவிட்டது, வேலியிலிருந்து ஒரு கழியை உருவிக்கொண்டு வந்தான். பழைய கக்கூஸ் என்றால் அடிக்கட்டைக்குக் கீழே ஒரு சந்து இருக்கும், கழியை அங்கே விட்டு நெம்பினால் நோகாமல் கவிழும், சாய்க்கிற யாருக்கும் கை தானாக அங்கேதான் போகும். இவன் கையும் அங்கேதான் போனது, ஆனால் சந்து இருக்கவேண்டிய இடத்தில் சிமெண்ட். விடாமல் விளிம்பில் கழியை ஊன்றி, தன் முழு பாரத்தையும் போட்டு அதில் தொங்கினான். பச்சைத் தளத்தில் முதலில் பெயர்வது விளிம்புதான் என்று ஹோபர்ட் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கர்த்தரே என்று கண்ணை மூடிக்கொண்டேன். படார் என்று ஒரு சத்தம்.

கழிதான் நெவா! கழிதான் ஒடிந்தது! கண்ணைத் திறந்தால் ஹைரம் ஸ்டோக்ஸ் சேற்றில் உட்கார்ந்திருக்கிறான், தொப்பி வேறெங்கேயோ. பின்னாலிருந்து யாரோ, உட்கார்ற இடம் உள்ளே இருக்கு ஹைரம் என்றார்கள். அப்படி ஒரு சிரிப்பு இந்த ஊரில் எழுந்து எவ்வளவு காலம் ஆயிற்று, தொழிற்சாலை மூடின பிறகு நான் கேட்டதே இல்லை. எல்பர்ட் நேஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஹோபர்ட் மட்டும் சிரிக்கவில்லை, மண்டி போட்டு உட்கார்ந்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு பொடிகூட உதிரவில்லை. எழுந்து நின்று கையை உதறிக்கொண்டான், உன் அண்ணன் அவ்வளவு உயரம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

ஹைரம் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா, போல்ட்டு போட்டு முடுக்கினா எதுதான் விழும், என் கக்கூஸுக்குப் போல்ட்டும் இல்ல வாஷிங்டனும் இல்ல, கட்டின நாள்லேருந்து ஒரு ஹாலோவீன்ல ஒரு பய அதைச் சாய்ச்சதில்ல, ஆம்பளை கட்டினது என்றான். அப்போது சாப்பாட்டுப் பெட்டிகள் வைத்த மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஓனா. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை மிஸ்டர் ஸ்டோக்ஸ் என்றே கூப்பிடுகிறவள், எங்கள் யார் காதிலும் வேறு பெயர் விழுந்ததில்லை. அது நிக்கறது உள்ளே நான் உட்கார்ந்திருக்கறதால ஹைரம் என்றாள். கத்தவில்லை, உப்பு எடுத்துக் கொடு என்பது போலச் சொன்னாள். ஹாலோவீன் வந்தா நீங்க லாட்ஜ் சங்கக் கூட்டத்துக்குப் போயிடுவீங்க, கல்யாணமான வருஷத்துலேருந்து நான்தான் சால்வையைச் சுத்திக்கிட்டு, மணியைக் கையில வச்சுக்கிட்டு அதுக்குள்ளே விடிய விடிய உட்கார்ந்திருக்கேன், பசங்க சத்தம் கேட்டா அடிக்க. வயித்துல பிள்ளையோட உட்கார்ந்தேன், நிமோனியா வந்த வருஷமும் உட்கார்ந்தேன், எப்படி இருந்தேன்னு நீங்க கேக்கல. இந்தத் திங்கட்கிழமை உட்காரமாட்டேன். எனக்கும் சிமெண்டுல ஒண்ணு வேணும் என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் எல்லாம் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் பாதிப்பேர் வீட்டில் அதுதான் நடப்பு. வா வீட்டுக்கு, பேசிக்கலாம் என்றான் ஹைரம். என் பெட்டி இன்னும் ஏலம் போகல என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியை லெஸ்டர் க்வின் ஏலத்தில் எடுத்தார். நானாக இருந்தால் எடுத்திருக்கமாட்டேன், அவள் வறுக்கிற கோழியில் எப்போதும் உப்பு கூடுதல்.

திங்கட்கிழமை அவள் சொன்னபடி உட்காரவில்லை. அவ்வளவு பேர் கேட்ட பிறகு ஹைரம் தானே போய் உட்கார முடியுமா, மானம் போகுமே. செவ்வாய்க்கிழமை காலையில் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன், மேலே பார்த்தேன், அந்த இடத்தில் வானம் தெரிந்தது. கக்கூஸ் சரிவில் குப்புறக் கிடந்தது, கதவு அடியில். யார் சாய்த்தது என்று எனக்குத் தெரியாது. ஹோபர்ட்டின் பூட்ஸில் மேட்டு மஞ்சள் களிமண் ஒட்டியிருந்தது, நன்றாகத் துடைத்து அடுப்போரம் வைத்தேன்.

அன்றைக்கே ஓட்டு. நம் பக்கம் இரண்டு, ஹைரம் ஒன்று! எல்பர்ட் நேஸ் எழுந்து நின்று, சாய்க்கத் தெரிஞ்சவன் சாய்ச்சும் சாயல, என் கண்ணால பார்த்தேன், குடுத்துடலாம் என்றானாம். ஹோபர்ட் சாலை முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான், ஐவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், அந்தக் கனமான பெண்ணை. பிள்ளைகள் கூத்தாடின, நாய் குரைத்தது, நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் சாப்பிடும்போது ஹோபர்ட் சொன்னான், ஹைரம் கூட்டத்தை விட்டுப் போகும்போது, நீங்க ஊர் முழுக்கக் கட்டுங்க, என் மேட்டுல அரசாங்கத்தான் ஒருத்தன் கால் வைக்கக் கூடாது, கிடக்கறதை நிமிர்த்தி அதே இடத்துல நிறுத்துவேன்னுட்டான்மா, நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாம லெஸ்டரால ஒண்ணும் செய்ய முடியாது என்று. என் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. நிலத்துக்காரர் யார்? ஓனாவின் கல்யாண விருந்தில் பீன்ஸ் பரிமாறினது நான். அவள் அப்பா கிழவர் ரிட்ச்சி எழுந்து, மாப்பிள்ளை நல்லவர்தான், இருந்தாலும் மேடு என் பொண்ணு பேர்லதான் இருக்கும், அவ சாகற வரைக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஹைரமின் முகம் அப்போது போன போக்கும் எனக்கு நினைவிருக்கிறது. ஊர் மறந்துவிட்டது, ஓனாவே மறந்திருப்பாள் என்று நினைத்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

நேற்றுக் காலை வேலி வரைக்கும் போனேன். அதற்கு மேல் போவதாக இல்லை, கூப்பிட்டால் அவள் வரட்டும் என்று நினைத்தேன். அவள் முற்றத்தில் செப்புக் கொப்பரையில் ஆப்பிள் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தாள், நீளத் துடுப்பால் கிளறிக்கொண்டே. உனக்குத் தெரியும், ஒரு நிமிஷம் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும், கொப்பரை முழுக்கப் பாழ். அவள் என்னைப் பார்த்தாள், வரமுடியவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், பிறகு உள்ளே போய்விட்டேன் நெவா. மிதிக்கமாட்டேன் என்ற மண்ணை மிதித்தேன். எதிரே போய் நின்று, ஓனா, இந்த மேடு யார் பேர்ல இருக்கு என்றேன். இத்தனை காலத்துக்கு அப்புறம் நான் பேசின முதல் வார்த்தை அது. அவள் கிளறிக்கொண்டே, என் பேர்ல, நீ ஒருத்திதான் ஞாபகம் வச்சிருக்கேன்னு நினைச்சியா லவீனா, நேத்தே லெஸ்டர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், முட்டை வித்த காசுல பலகையும் சொல்லியாச்சு என்றாள். நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனவள். பிறகு அவள், எந்த இடம்னு மட்டும் இன்னும் சொல்லல, உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன், எந்தப் பக்கம் தோண்டினா உன் ஊத்துக்கு வராதுன்னு உனக்குத்தான் தெரியும், போய்ப் பார்த்து வை என்று, துடுப்பை விடாமலே காலால் ஒரு முளைக்குச்சியை என் பக்கம் தள்ளினாள்.

நான் போனேன். மேட்டின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எல்லாம் பின்பள்ளத்துக்கு இறங்கும் இடம். கீழே இருந்துகொண்டே இத்தனை வருஷமும் ஒவ்வொரு மழைக்கும் அந்த மேட்டைப் பார்த்தவள் நான், எந்தச் சொட்டு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாதா. ஒரு கல்லை எடுத்து முளையை அடித்தேன், முழங்கால் வலியே தெரியவில்லை, போதும் என்று தோன்றின பிறகும் அடித்தேன். திரும்பி வந்தபோது ஓனாவுக்குக் கை சோர்ந்து துடுப்பு ஆடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், பெர்லி இருந்தா இப்ப அவளுக்கும் பிள்ளைங்க இருக்கும் என்றாள். நம் வீட்டாரைத் தவிர வேறொருத்தர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அவள் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டேன், ஜாம் கெட்டிப்படும் வரைக்கும் நான் கிளறினேன், அவள் விறகு தள்ளினாள். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, ஹைரமை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன், அவளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

நாளைக்குக் காலையில் லாரி மேட்டுக்குப் போகிறது! ஹைரம் வேலை முடிகிற வரைக்கும் தன் தம்பி வீட்டில் இருப்பானாம், இருக்கட்டும். ஹோபர்ட்தான் தளம் வார்க்கிறான். பழைய குழியில் சுண்ணாம்பு கொட்டி மண்ணை மூடும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன், ரூபியைக் கையில் பிடித்துக்கொண்டு. வசந்தத்தில் நர்ஸ் மறுபடி தண்ணீர் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் கெட்டில் கொதித்துக்கொண்டுதான் இருக்கவேண்டுமாம், கொதிக்கட்டும், இப்போது விறகு வெட்ட ஆள் வீட்டில் இருக்கிறான்.

மகளே, மாப்பிள்ளைக்கு அணைக்கட்டில் வேலை என்று எழுதியிருந்தாய், அங்கேயும் மண்வெட்டி மேல் சாய்ந்து நிற்கிறான் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொண்டு வராதே, என் மகள் என்று காட்டு. உயரத்தில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள்ளச் சொல். குட்டிப் பயலுக்குக் கம்பளிச் சட்டை ஐவி பின்னி முடித்துவிட்டாள், கை நீளமாக இருந்தால் மடித்துவிடு, வளருவான். நீங்கள் தங்கியிருக்கிற கூடார முகாமில் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வை, இதை மட்டும் மறந்தால் நான் அங்கே வந்துவிடுவேன். கர்த்தர் உங்கள் மூன்று பேர் தலைமேலும் கை வைத்துக் காப்பாராக, நீ படுக்கும்போதும் எழும்போதும் என் ஜெபம் உன்னோடு இருக்கிறது. உடனே பதில் போடு, சோம்பல் படாதே, ஹோபர்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாக எழுது, அவன் படிக்காத மாதிரி நடித்துக்கொண்டு படிப்பான்.

உன் அம்மா
லவீனா டீக்